ஒரே தொட்டி

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. காம்புப் பக்கம் நல்ல சிவப்பு. திருப்பினால் தோல் உள்வாங்கி, நைந்த செருப்பு மாதிரி. அவர் அதைப் பறித்து வாளியில் போட்டார். வாளியில் கிடந்தவை எல்லாம் அப்படித்தான்.

நோய் இல்லை. பூச்சி இல்லை. கால்சியம் போதவில்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. குருத்து இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. அடி இலைகள் நன்றாகவே இருந்தன. கால்சியம் போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும் சத்து. பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அன்றன்றைக்கு வேர் வழியாக வந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிப் பெயர் எடுத்தவர் அவர். அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்து. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து. குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. சட்டைப் பையில் இலையோடு ஆட்கள் வருவார்கள். அவர் இலையை வெளிச்சத்தில் பிடிப்பார். கீழே பறித்ததா, மேலே பறித்ததா என்று கேட்பார். பிறகு சொல்வார். டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலாகத்தான். பிறகு கிண்டல் போய்விட்டது, டாக்டர் நின்றுவிட்டது.

மருந்தும் தெரியும். கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டிக் கரைத்தார். கறுப்பு குறையவில்லை. இன்னும் கூட்டினார். இன்னும் கறுத்தது. பசுமைக்குடிலுக்குள் சில வரிசைகளில் சொட்டுக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. ஊசியால் குத்தினால் வெள்ளையாக ஏதோ வந்தது.

அன்று காலை கொட்டகையில் உரத் தொட்டியை இறைத்துப் பார்த்தார். மனைவி கூட நின்றாள். அடியில் வெள்ளைச் சேறு, ஒரு சாண் உயரத்துக்கு. கையில் அள்ளித் தேய்த்தார். நறநறத்தது. வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். கரையவில்லை. மெதுவாக இறங்கி அடியில் படிந்தது.

"என்னங்க இது?"

"உரம்னா கரையணும். இது கரையல. அப்ப இது உரம் இல்ல."

"பின்ன?"

"சுண்ணாம்புக் கல்லு. பொடிச்சு மூட்டையில கலந்திருக்காங்க."

"யாரு?"

மூட்டைகள் எந்தக் கடையிலிருந்து வருகின்றன என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய தங்கை வீட்டுக்காரர் கடை.

"அவசரப்பட்டு வாயை விட்டுடாதீங்க. மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"நான் சொல்லல. தொட்டி சொல்லுது."

தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் மனைவி விளக்குமாறும் பழைய சாக்குகளும் வைத்திருந்தாள். முன்பு கால்சியத்துக்கு ஒரு தொட்டி, சல்பேட் உப்புகளுக்கு ஒரு தொட்டி. இரண்டாவதில் விரிசல் விழுந்ததும் அவர் புதிது வாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டிக் கலக்கினார். குழாயில் எப்படியும் ஒன்றாகத்தானே போகப்போகிறது. "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று அப்போது சொன்னார். மனைவி சிரித்தாள். அவருக்கே அது நன்றாக வந்துவிட்ட மாதிரி இருந்தது. வந்து போனவர்களிடமும் சொன்னார்.

சேற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் அள்ளிக்கொண்டார்.

*

காலை நேரம். கடையில் கூட்டம். மாப்பிள்ளை தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை வெள்ளைத் தூசி.

"வாங்க மச்சான். டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். இது என்னன்னு சொல்லுங்க." ஜாடியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். எடுத்து ஆட்டினார். வெள்ளை எழும்பியது.

"எங்க இருந்துச்சு?"

"என் தொட்டியில. உங்க மூட்டையில இருந்து வந்தது. நான் செடிக்கு உரம் போடறேன்னு நினைச்சேன். சுவத்துக்கு வெள்ளையடிச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

"டாக்டர் கண்ணுக்கே தப்பிச்சிருச்சா?" என்றார் மிளகாய்க்காரர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடில் போட்டு மிளகாய் வைத்திருப்பவர். தோளில் அப்போதுதான் ஒரு மூட்டையை ஏற்றியிருந்தார்.

"சொந்தக்காரர்னு மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காம விட்டதுதான் தப்பு."

உள்கதவில் தங்கை வந்து நின்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, உள்ள வந்து பேசு" என்றாள்.

"உள்ள பேச என்ன இருக்கு?"

மாப்பிள்ளை ஜாடியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தொட்டியிலதானே கரைக்கிறீங்க மச்சான்?"

"எனக்கு உரம் கரைக்கச் சொல்லித் தர்றீங்களா? இங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு எந்த மூட்டை வாங்கணும்னு சொல்லி அனுப்பினதே நான்தான்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். கடையில் நின்றவர்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தராசுத் தட்டில் இருந்ததை மறுபடி சரிசெய்ய ஆரம்பித்தார்.

அதற்கு எல்லோரும் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார்கள். மிளகாய்க்காரர் தோளிலிருந்த மூட்டையை இறக்கி, எடுத்த அடுக்கிலேயே வைத்தார். மெதுவாக வைத்தார், சத்தம் வராமல்.

டாக்டர் ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

*

அடுத்த மூட்டைகளை எதிர்க்கடையில் வாங்கினார். அந்தக் கடைக்காரர் தானே வண்டிவரை தூக்கிவந்து ஏற்றினார். "உங்க புண்ணியத்துல கூட்டம் தாங்கல டாக்டர்" என்றார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்தார். தண்ணீர் நிரப்பினார். கால்சியத்தைக் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பார்த்தியா? சரக்குன்னா இப்படி இருக்கணும்."

மனைவி பார்த்தாள்.

சல்பேட் பையைப் பிரித்துக் கொட்டினார். துடுப்பைப் போட்டுக் கலக்கினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துடுப்பு போன வழியெல்லாம் புகை மாதிரி எழுந்தது. இன்னொரு சுற்று கலக்கினார். தொட்டி முழுவதும் வெளுத்தது. துடுப்பின் நுனி தெரியவில்லை. 

அவர் கலக்குவதை நிறுத்தினார்.

"இந்தக் கடையிலயும் ஏமாத்துறான்" என்றார்.

"இந்தக் கடைக்காரரும் உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானா?"

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். சமையலறைக்குப் போய் இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்துவந்தார். ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் கால்சியம் போட்டுக் கலக்கினார். தெளிவு. இன்னொன்றில் சல்பேட். அதுவும் தெளிவு. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இலையைப் பார்ப்பதுபோல. குடிக்கலாம் போல இருந்தன.

ஒன்றை இன்னொன்றில் ஊற்றினார்.

கொஞ்ச நேரம்தான். தம்ளர் வெளுத்தது.

மனைவி தம்ளரைப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் வெளியே போனாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழாயில் நிறையத் தண்ணீரோடு கலந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே கெட்டியாகக் கலந்ததில், கால்சியமும் சல்பேட்டும் தொட்டியிலேயே ஒன்றை ஒன்று பிடித்துக் கல்லாகிவிட்டன. வேருக்குப் போனது மிச்சத் தண்ணீர். அவர் கூட்டிக் கூட்டிப் போட்டதெல்லாம் கல்லைத்தான் கூட்டியிருக்கிறது. செடி பசியில் கறுத்துக்கொண்டிருந்தது. நோயைச் சரியாகச் சொன்னார். நோய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த ஒருவர் கேட்டார். அவருடைய வாயை அடைத்துவிட்டு வந்தார்.

முகம் சூடாக இருந்தது. கொட்டகையில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்ப்பதுபோல இருந்தது.

சாக்குகளை எடுத்துப் போட்டுவிட்டு, கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தினார். விரிசல் விரல் நீளம்தான். பசை வைத்து அடைத்தார். தொட்டியில் பாலாக நின்றதை வெளியே திறந்துவிட்டார். வாசலில் மண் வெள்ளையானது. அதை மண்வெட்டியால் புரட்டி மூடினார். மூடிக்கொண்டிருக்கும்போதே, எதற்கு மூடுகிறோம் என்று தோன்றியது.

*

போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மணி அடித்தது. தங்கை எடுத்து "ஹலோ" என்றாள். வைத்துவிட்டார்.

மதியம் போனார். கடையில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனார். ஆள் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடையில் மதியத்திலும் வண்டிகள் நின்றன. இங்கே மூட்டைகள் கூரைவரை இருந்தன. தராசுக்குப் பக்கத்தில் அவருடைய ஜாடி. யாரும் எடுத்துப் போடவில்லை. வெள்ளை அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க மச்சான்."

அவர் உட்காரவில்லை. "மாப்பிள்ளை, உங்க சரக்குல தப்பில்ல. ஒரே தொட்டியில கலந்துட்டேன். என் தப்புதான்."

"சரி மச்சான்."

"என்ன சரி? திட்டுங்க."

"எதுக்கு? என் மூட்டையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சதை எனக்கே வந்து சொல்றீங்க."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஆட்டிப் பார்த்ததும் தெரிஞ்சுது. தினம் உரத்துலயே கிடக்கிறவன் நான்."

"அப்ப ஏன் சொல்லல?"

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது மச்சான்? உங்களை டாக்டர்னு கூப்பிடுறாங்க."

அவரால் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்தால் தங்கை கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். இன்று வரவில்லை.

உள்கதவுப் பக்கம் பார்த்து, "கொஞ்சம் வெளிய வாம்மா. உன்கிட்டயும் சொல்லணும்" என்றார்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"உள்ள பேச என்ன இருக்கு, அண்ணா?" என்றாள் தங்கை, உள்ளிருந்தே. 

சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அவர் ஜாடியை எடுத்துக்கொண்டார். "இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"கழுவித் தரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே கழுவுறேன்."

*

மறுநாள் காலை அவர் சட்டையை மாற்றினார். பிறகு பழைய சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி இரண்டு பாட்டில்களைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளாகவே வைத்திருந்தாள்.

"கூட வரவா?"

"வேண்டாம். நீ ஒருத்தியாவது பார்க்காம இரு."

"நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றாள்.

மாப்பிள்ளை கடையில் சொல்லிப் பயனில்லை. அங்கே கேட்க ஆள் இல்லை. அன்று நின்றவர்கள் எல்லாம் இப்போது எதிர்க்கடையில் நிற்கிறார்கள். அவர் அங்கேதான் போனார்.

"வாங்க டாக்டர், வாங்க!" எதிர்க்கடைக்காரர் கூட்டத்தை விலக்கினார். "டாக்டருக்கு வழி விடுங்கப்பா."

வழி விட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. 

மிளகாய்க்காரர் இருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. உங்ககிட்டதான் வரணும்னு இருந்தேன்" என்று சட்டைப் பையில் கையை விட்டார்.

"அப்புறம் பார்க்கலாம். முதல்ல இதைப் பாருங்க."

பாட்டில்களையும் காலி ஜாடியையும் மேசையில் வைத்தார். ஒரு பாட்டில் மற்றதில் இடித்துச் சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"இது கால்சியம். இது சல்பேட். ரெண்டும் தெளிவா இருக்கு, பார்த்துக்குங்க." இரண்டையும் ஜாடியில் ஊற்றினார். காத்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், வெளுக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு ஆசை வந்து போனது. ஜாடி வெளுத்தது.

"அட, பால்!" என்றது ஒரு குரல். "டாக்டர் வித்தை எல்லாம் காட்டுறாரே."

"அன்னிக்கு அந்தக் கடையில நான் காட்டினது இதுதான். கலப்படம் இல்ல. ரெண்டையும் ஒரே தொட்டியில கொட்டினா இப்படிக் கல்லாயிடும். கொட்டினது நான்."

சிலர் ஜாடியை எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சானும் மாப்பிள்ளையும் ராசியாயிட்டாங்க போல" என்றார் பின்னாலிருந்த ஒருவர். "அதான் பூசி மெழுகுறாரு."

"மெழுகல. இது அவர் கடைச் சரக்கே இல்ல. இங்க வாங்கினது."

எதிர்க்கடைக்காரரின் முகம் மாறியது. "ஐயா, என் சரக்குக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதைத்தான் சொல்றேன். அவர் சரக்குக்கும் ஒரு குறையும் இல்ல."

"அப்ப குறை எங்க?" பின்னாலிருந்தவர் விடவில்லை.

"என்கிட்ட."

"பின்னாடி கேக்கல டாக்டர்."

சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. அவர் நிமிர்ந்தார். தெருவுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார். "தப்பு என்னுது. மாப்பிள்ளை மேல பழி போட்டேன். அவர் வாயைத் திறக்கக்கூட விடல."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. நெஞ்சில் அங்கேயே இருந்தது.

மிளகாய்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே தொட்டியில ஊத்தினா எப்பவும் இப்படித்தான் ஆகுமா?"

"எப்பவும்."

"அப்ப நீங்க சொன்னது?"

"நான் என்ன சொன்னேன்?"

"உங்க கொட்டகையில வெச்சுச் சொன்னீங்களே. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்னு. நான் வீட்டுக்குப் போய் என் ரெண்டாவது தொட்டியைக் கழட்டிப் போட்டுட்டேன். டாக்டரே சொல்லிட்டாருன்னு."

மிளகாய்க்காரர் பையிலிருந்து இலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சின்ன இலை. ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. கீழே பறித்ததா மேலே பறித்ததா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"காயும் நுனி கறுக்குது" என்றார் மிளகாய்க்காரர். "நீங்க சொன்ன மாதிரி கால்சியத்தைக் கூட்டித்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

சிரிப்புச் சத்தம் அடங்கியிருந்தது. எதிர்க்கடைக்காரர் பாட்டில்களைத் தள்ளிவைத்தார். "இதெல்லாம் வெளிய வெச்சுப் பேசிக்குங்க ஐயா. வியாபார நேரம்." டாக்டர் போய் ஐயா வந்திருந்தது.

டாக்டர் இலையோடு தெருவில் இறங்கினார். மிளகாய்க்காரரும் வந்தார். இரண்டு பேரும் தெருவைத் தாண்டினார்கள். 

மாப்பிள்ளை கடை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். தங்கை உள்கதவில் நின்றாள்.

டாக்டர் இலையை நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மிளகாய்க்காரரிடம், பழகின குரலில், அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு தொட்டியிலதானே கரைக்கிறீங்க?"

மிளகாய்க்காரர் டாக்டரைப் பார்த்தார்.

"ஒண்ணுல, மாப்பிள்ளை" என்றார் டாக்டர். "நான் சொல்லி."

மாப்பிள்ளை இலையைத் தராசுத் தட்டில் வைத்தார். முள் அசையவில்லை.

"இன்னைக்கே தொட்டியைக் காலி பண்ணிக் கழுவணும். குழாயையும் அலசணும்" என்றார் மிளகாய்க்காரரிடம். "கறுத்த காய் கறுத்ததுதான், அது தேறாது. இனிமே பிடிக்கிற காய் நல்லா வரும்."

"நான் வந்து கழுவித் தர்றேன்" என்றார் டாக்டர்.

மிளகாய்க்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தங்கை கதவை விட்டு நகர்ந்து தராசுவரை வந்தாள். இலையை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணா, இதை இவருக்கு மட்டுமா சொன்னே?"

அவர் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார். வாசலில் கூட்டம் அப்படியே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு சிரித்தவர்களில் சிலர் சட்டைப் பையைத் தடவினார்கள்.